மாத்திரைக்கு வெந்நீர், தேநீர் அப்புறம்

கோத்தகிரியில் மார்கழிக் காலையில் எழுந்ததும் பச்சைத் தண்ணீரை வாயில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. பல் கூசும், தொண்டை கட்டும். அடுப்பில் முதலில் ஏறுவது தேநீர்ப் பாத்திரம்தான். அதனால் எங்கள் ஊரில் காலை மாத்திரை பெரும்பாலும் தேநீரோடுதான் உள்ளே இறங்குகிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போதெல்லாம் "எதோட போடுறீங்க?" என்று கேட்பது என் வழக்கம். "டீயோடதான் அக்கா, வேற எதோட?" என்பார்கள்.

விழுங்கிய மாத்திரை முழுவதும் உடம்புக்குள் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது வயிற்றுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்துக்குள் போக வேண்டுமென்றால் சிறுகுடலின் சுவரைத் தாண்ட வேண்டும். அந்தச் சுவரில் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் மாத்திரையை எதோடு, எப்போது போடுவது என்பதைப் பாதிக்கு மேல் நீங்களே சரியாகச் செய்துவிடலாம். டிப்ளமோ படிக்கும்போதே இதைப் படித்தேன். ஆனால் எனக்கு உண்மையில் புரிய வைத்தது அப்பாவின் வியாதி.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். இலங்கையிலிருந்து 1974-ல் தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை கத்தி பிடித்த கை. 67 வயதில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை எழுதினார்கள். எட்டு மணிக்குக் காலைச் சாப்பாட்டோடு கொடுத்தேன். தெம்பு வேண்டுமே என்று இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். சில நாள் நன்றாக இருப்பார். பல நாள் பத்து மணிக்கே உடம்பு இறுகிப்போய், ஸ்வெட்டர் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்திருப்பார். மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். கூட்டியும் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை. கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில என்ன சாப்பிடுறார்?" நான் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றவில்லை, முட்டையை மாற்றினார். காலை முட்டை ராத்திரிக்குப் போனது. மாத்திரை ஆறரை மணிக்கு, அரை டம்ளர் வெந்நீரோடு. இரண்டு வாரத்தில் அப்பா காலையில் தானே பொத்தான் போட்டுக்கொண்டார்.

சுவரும் கதவும்

சிறுகுடல் ஆறு மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. உள்பக்கம் மடிப்பும் விரல் போன்ற நீட்சிகளுமாக இருப்பதால், விரித்துப் போட்டால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் வரும். நான் பிறந்து வளர்ந்த லைன் வீட்டின் இரண்டு அறையையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அந்தப் பரப்பு முழுவதும் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது.

நிறைய மருந்துகளுக்குக் கதவே தேவையில்லை. செல்லின் வெளிச்சுவர் கொழுப்பால் ஆனது. கொழுப்பில் கரையக்கூடிய மருந்து அதன் வழியாகத் தானே ஊடுருவிவிடும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. அதனால் இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீரில் கரைகிற, கொழுப்பில் நுழைய முடியாத மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து உள்ளே கொண்டுபோகச் சுவரில் பதிந்திருக்கும் புரதங்களுக்குக் கடத்திப் புரதங்கள் என்று பெயர். ஆங்கிலத்தில் டிரான்ஸ்போர்ட்டர்.

இவற்றில் இரண்டு வகை. ஒன்று, குடலிலிருந்து உள்ளே இழுக்கிற கதவு. இவை மருந்துக்காக உண்டானவை அல்ல. சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், இரும்பு என்று உணவிலிருந்து வருவதை எடுத்துக்கொள்ள உடம்பு வைத்திருப்பவை. உணவின் சாயலில் இருக்கும் மருந்துகள் அதே வழியில் நுழைகின்றன. இன்னொன்று, உள்ளே வந்ததைப் பிடித்துத் திரும்பக் குடலுக்கே தள்ளுகிற கதவு. செடிகொடிகளில் எத்தனையோ நஞ்சு இருக்கிறது. சாப்பாட்டோடு வந்துவிட்டால் அதைத் துரத்த வேண்டும். அதற்கான காவல் இது. சில மருந்துகளையும் அது நஞ்சு என்றே எடுத்துக்கொள்கிறது.

அம்மா கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும் இடத்தை மடுவம் என்றுதான் இன்றைக்கும் சொல்வார். மடுவத்தில் தராசு ஒன்றுதான். கூடைகள் வரிசையில் நிற்கும். ஒரே நேரத்தில் எல்லோரும் வந்துவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். நிறுக்கிறவர் கூடையில் கையை விட்டு, முத்தல் இலையைப் பொறுக்கி வெளியே எறிவார். குடல் சுவரை நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். தராசு இழுக்கிற கதவு. முத்தலைப் பொறுக்கி எறிகிற கை தள்ளுகிற கதவு.

லெவோடோபா போடுகிறவர்கள் வீட்டில்

லெவோடோபா பார்ப்பதற்கு அமினோ அமிலம் மாதிரியே இருக்கும். அதனால் பெரிய அமினோ அமிலங்களை எடுத்துச் செல்லும் கடத்தி வழியாகத்தான் குடலைத் தாண்டுகிறது. முட்டை, பால், கறி, பருப்பு, சுண்டல் எல்லாம் செரித்தால் அமினோ அமிலங்களாகத்தான் உடைகின்றன. ஒரே தராசுக்கு முன்னால் முட்டையிலிருந்து வந்த ஆயிரம் கூடை நிற்கும்போது, மாத்திரையிலிருந்து வந்த சின்னக் கூடை பின்னால் தங்கிவிடுகிறது. இதோடு முடிவதில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிற வாசலிலும் இதே வகைக் கடத்திதான். அங்கேயும் அதே போட்டி. அப்பாவுக்கு நான் பாசத்தோடு கொடுத்த முட்டையும் பாலும் இரண்டு இடத்திலும் மருந்தை மறித்துக்கொண்டிருந்தன.

அதனால் வழக்கமாகச் சொல்வது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்றால் இரண்டு ரஸ்க், கொஞ்சம் பொரி, ஒரு வாய் கஞ்சி கொடுக்கலாம். இவற்றில் புரதம் குறைவு. பால் வேண்டாம். இங்கே ஒரு தவறு நடக்கிறது. மருந்துக்கு ஆகாது என்று புரதத்தையே நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கின்சன் உள்ளவர் ஏற்கெனவே மெலிவார். புரதத்தைக் குறைத்தால் நிற்கவே தெம்பு இருக்காது. நாள் முழுக்கத் தேவையான அளவு அதே இருக்கட்டும், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் பகலில் சோறு, காய், கீரை, கேரட், உருளைக்கிழங்கு. முட்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் ராத்திரிக்கு. ராத்திரி படுத்துத் தூங்கப் போகிறவருக்கு மருந்து கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. ராத்திரி புரள முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை சேர்த்து எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரும்பு லெவோடோபாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, உடம்பு தளர்ந்த நேரம், இறுகிய நேரம் என்று ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா என்று அந்த நோட்டைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.

அலர்ஜி மாத்திரையும் பழச்சாறும்

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வேன் ஓட்டுகிற தம்பி ஒருவர். தும்மல், கண் அரிப்பு. தூக்கம் வராத மாத்திரை வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லி ஃபெக்சோஃபெனடின் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்து, "அக்கா, இது வேலையே செய்யல. ரெண்டா போடட்டுமா?" என்றார். எதோடு போடுகிறார் என்று கேட்டேன். வண்டியில் எப்போதும் ஆப்பிள் ஜூஸ் டப்பா வைத்திருக்கிறார், அதோடு.

ஃபெக்சோஃபெனடினை உள்ளே இழுப்பது ஓஏடிபி என்ற கடத்திக் குடும்பம். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகளில் உள்ள சில பொருள்கள் அந்தக் கதவை அடைத்துவிடுகின்றன. 2002-ல் கனடா ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடம் பரிசோதித்தார்கள். மாத்திரையோடும் அதற்குப் பிறகு சில மணி நேரமும் இந்தச் சாறுகளை நிறையக் குடிக்கக் கொடுத்தபோது, தண்ணீரோடு போட்டவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான மருந்துதான் உடம்புக்குள் போயிருந்தது. இரண்டாகப் போட வேண்டியதில்லை. தண்ணீரோடு ஒன்று போட்டாலே போதும் என்று தம்பிக்குச் சொன்னேன். ஜூஸ் குடிக்க ஆசையென்றால் நான்கு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், அதற்குள் அடைப்பு நீங்கிவிடும். ஆய்வு நடந்தது டம்ளர் டம்ளராகக் குடித்த சாறில். கமலா ஆரஞ்சுப் பருவத்தில் இரண்டு சுளை வாயில் போட்டதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பிரஷர் மாத்திரைகளில் அட்டெனோலாலுக்கும் இது உண்டு. ஆரஞ்சுச் சாறோடு கொடுத்த ஆய்வில் உடம்புக்குள் போன அளவு சுமார் 40 சதவீதம் குறைந்தது. இதே கதவுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

சரி, தேநீர்? எங்கள் மலையின் பிழைப்பே அதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் இப்போது கிரீன் டீ நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது. கொழுந்தைப் புளிக்க விடாமல் சூடுகாட்டிக் காய வைப்பதால் அதில் கேட்டசின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. 2014-ல் ஜப்பானில் பத்துப் பேருக்கு இரண்டு வாரம் தினமும் 700 மில்லி கிரீன் டீ கொடுத்து, நாடோலால் என்ற பிரஷர் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்து 85 சதவீதம் குறைந்திருந்தது. நாடோலால் நம் கடைகளில் அதிகம் புழங்காத மருந்து. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்து, கிரீன் டீயோடு எந்த மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். கிரீன் டீ குடியுங்கள், மாத்திரை நேரத்தில் குடிக்காதீர்கள்.

தள்ளுகிற கதவு

1976-ல் டொரான்டோவில் ஜூலியானோ, லிங் என்ற இருவர் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். மருந்துக்கு மசியாத வெள்ளெலிச் செல்களின் வெளிச்சுவரில் அது இருந்தது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய் மருந்து ஏன் சிலருக்கு வேலை செய்யாமல் போகிறது என்ற தேடலில் வந்தது. பிறகு பார்த்தால் அதே புரதம் நோயில்லாத மனிதர்களின் குடல் சுவரிலும், கல்லீரலிலும், சிறுநீரகத்திலும், மூளையின் வாசலிலும் இருக்கிறது. நான் மேலே சொன்ன முத்தலைப் பொறுக்கி எறிகிற கை இதுதான்.

வேன் ஓட்டுகிற தம்பிக்கு ஃபெக்சோஃபெனடின் தூக்கம் வரவழைக்காததற்கும் இதுவே காரணம். மூளை வாசலில் நின்று இந்தக் கை அதை வெளியே தள்ளிவிடுகிறது. வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபரமைடு அபின் வகையைச் சேர்ந்த மருந்து. ஆனாலும் சரியான அளவில் போட்டால் மயக்கம் தருவதில்லை. அதுவும் இதே காவலால்தான். அந்தக் காவலைக் குயினிடின் என்ற மருந்தால் அடைத்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது, லோபரமைடு மூளைக்குள் போய் மூச்சை மந்தமாக்கியது.

குயினிடின் என்றதும் எனக்கு எங்கள் நீலகிரியில் இருக்கும் நடுவட்டம் நினைவுக்கு வரும். 1860-ல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாச் செடிகளைக் கொண்டுவந்தார். ஊட்டித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மக்ஐவர் அவற்றை தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். மலேரியாவுக்கான குயினைனுக்காக வளர்த்த மரம். அதே பட்டையில்தான் குயினிடினும் இருக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்க அதைக் கொடுத்தார்கள். இதயம் தளர்ந்தவர்களுக்கு டிகாக்சினும் கூடவே போகும். 1978 வாக்கில்தான் கவனித்தார்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களின் ரத்தத்தில் டிகாக்சின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காக ஏறுகிறது என்று. ஏன் என்று அப்போது தெரியவில்லை. டிகாக்சினைக் குடலில் திருப்பித் தள்ளுவதும், சிறுநீரில் வெளியேற்றுவதும் பி-கிளைக்கோபுரோட்டீன்தான், குயினிடின் அதன் கையைக் கட்டிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

குயினிடின் இன்று அரிது. ஆனால் டிகாக்சின் இன்னும் போடுகிறார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இதயத்துக்குக் கொடுக்கும் வெரபமில், அமியோடரோன் எல்லாம் அதே கையைக் கட்டுபவை. போன மழைக்காலத்தில் கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இருமலுக்கு எழுதிய சீட்டோடு வந்தார். அதில் கிளாரித்ரோமைசின். பையில் பழைய மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து டிகாக்சின் அட்டையை எடுத்துக் காட்டினார். சீட்டு எழுதிய மருத்துவருக்குப் போன் போட்டேன். உடனே வேறு ஆன்டிபயாட்டிக் மாற்றிக் கொடுத்தார். டிகாக்சினில் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் ரொம்பக் குறைவு. டிகாக்சின் போடுகிறவர் வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் படர்வது, துடிப்பு தாறுமாறாவது எதைச் சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காசநோய்க்கு ஆறு மாதம் போடுகிற மருந்துகளில் சிறுநீரைச் சிவப்பாக்குகிற ரிஃபாம்பிசின் இருக்கிறது. அது இந்தக் கையை அடைப்பதில்லை, கூட்டுகிறது. 1999-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் ரிஃபாம்பிசின் போட்ட பிறகு குடல் சுவரில் பி-கிளைக்கோபுரோட்டீன் 3.5 மடங்கு ஆனது. டிகாக்சின் உள்ளே போவது குறைந்தது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் டாபிகட்ரானையும் இது துரத்திவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். கருத்தடை மாத்திரையையும் ரிஃபாம்பிசின் வலுவிழக்கச் செய்யும். அது பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிற வேறு வேலை. காசநோய் மருந்து தொடங்கும் நாளில் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரையையும் மருத்துவர் முன்னால் கொட்டிக் காட்டுங்கள். முடிக்கும் நாளிலும் காட்டுங்கள். நிறுத்திய பிறகு இரண்டு வாரத்துக்குள் கதவு பழைய நிலைக்குத் திரும்பும், அப்போது கூட்டி வைத்த மற்ற மருந்தின் அளவு அதிகமாகிவிடக்கூடும்.

கதவு நிறைந்துவிட்டால்

சர்க்கரை வியாதியால் பாதத்தில் எரிச்சல் உள்ளவர்களுக்குக் கபாபென்டின் எழுதுவார்கள். இதை இழுக்கும் கதவு சீக்கிரம் நிறைந்துவிடும். நாளைக்கு 900 மில்லிகிராமை மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் 60 சதவீதம் உள்ளே போகிறது. 2400 போட்டால் 34 சதவீதம்தான். மீதியெல்லாம் வீண். அதனால் காலையில் மறந்த மாத்திரையை ராத்திரி மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதால் ஒன்றுக்கு இரண்டாக வேலை செய்யாது, தலைசுற்றல் மட்டும் வரலாம். மூன்று வேளை என்று எழுதியிருந்தால் மூன்று வேளையாகவே போடுங்கள். வாயுவுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். அதன் தம்பி மாதிரியான பிரீகாபலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

சுகருக்கு எல்லோரும் போடும் மெட்ஃபார்மினும் கடத்திகளை நம்பியே போகிறது. 500 மில்லிகிராமில் 50 முதல் 60 சதவீதம் உள்ளே போகும். ஒரே தடவை அளவைக் கூட்டினால் அந்த விகிதம் குறையும். சாப்பாட்டோடு போடுவது வயிற்றுப் புரட்டலைக் குறைக்கத்தான்.

கதவைத் தெரிந்துகொண்டு மருந்தையே மாற்றி அமைத்ததும் உண்டு. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகும், அதனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை போட வேண்டும். அதோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வைத்தார்கள். புரதத் துணுக்குகளை இழுக்கிற பெப்ட்-1 என்ற கடத்தி அதைத் தன் ஆள் என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் வாலின் கழன்றுவிடும். அதுதான் வாலாசைக்ளோவிர். 54 சதவீதம் போகிறது, மூன்று தடவை போதும். அக்கியில் துடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி எழுப்பாமல் விடலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

இரும்பு மாத்திரை

கொழுந்து பறிக்கும் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கிப் போகிறார்கள், போடவும் செய்கிறார்கள், பத்து மணித் தேநீரோடு. இரும்பை உள்ளே கொண்டுபோகும் கடத்திக்கு டிஎம்டி-1 என்று பெயர். தேநீர் அந்தக் கதவை அடைப்பதில்லை. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப் பிடித்து, கதவு வரைக்கும் வரவிடாமல் செய்துவிடுகிறது. போகாத இரும்பு கறுப்பாக வெளியேறும். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ இதற்கு நேர்மாறு, இரும்பைக் கதவுக்கு ஏற்ற வடிவில் வைத்திருக்கும். மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி, பின்னால் இரண்டு மணி நேரம் தேநீர், காப்பி, பால் வேண்டாம். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளி பகலில் கிடைக்காது. படுக்கப் போகும் முன் போடுங்கள் என்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தேநீர் குடிப்பவர் குறைவு. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் அது பகலில்.

தைராய்டு மாத்திரைக்கும் இதே மாதிரிதான். வெறும் வயிற்றில், வெந்நீரோடு, முக்கால் மணி நேரம் கழித்துத் தேநீர். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி.

உப்பும் சர்க்கரையும்

கடத்திப் புரதத்தைப் பயன்படுத்தி உலகத்தில் அதிகம் உயிரைக் காப்பாற்றிய மருந்து எது என்று கேட்டால், இருபது ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிற ஓஆர்எஸ் பொட்டலத்தை எடுத்துக் காட்டுவேன். 1960-ல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்ன விஷயம்: குடலில் சர்க்கரை தனியாகப் போவதில்லை, உப்பின் சோடியத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறது. இரண்டும் போகும்போது தண்ணீரும் பின்னால் போகும். வயிற்றுப்போக்கில் எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தாலும் இந்தக் கதவு மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். 1971-ல் வங்காள எல்லையில் போன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். சாவு பெருமளவு குறைந்தது. எங்களைப் போல எல்லை தாண்டி வந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கதை சும்மா கேட்டுவிட்டுப் போகிற கதை இல்லை.

இந்தக் கதவுக்கு அளவுதான் முக்கியம். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டாதீர்கள். குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறது என்று சர்க்கரையைக் கூட்டினால் தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் குடலுக்கே திரும்பி வரும், போக்கு அதிகமாகும். பொட்டலம் இல்லாத ராத்திரிக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 93 டிகிரிக்குள் கொதிக்கும். அதனால் குமிழி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, ஆற வைத்துக் கலக்குங்கள்.

மருந்துக்கடையில் கேட்க வேண்டியது

புது மாத்திரை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வெறும் தண்ணீரோடுதானா, வேறு எதோடும் போடலாமா? சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால்? நான் ஏற்கெனவே போடுகிற மாத்திரையை இது கூட்டுமா, குறைக்குமா? மூன்றாவதைக் கேட்பவர்கள் அரிது. கேட்டால் எந்த மருந்தாளுநரும் எரிச்சல்பட மாட்டார், படக் கூடாது. பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். கூடலூர்ப் பக்கத்துப் பம்பளிமாஸ் பழம் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவை அது ஏற்றிவிடும்.

மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றினால் அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். எதோடு போட்டீர்கள் என்பதை முதலில் பாருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள்.

வெந்நீர் என்று நான் சொல்வது குடிக்கிற சூட்டில் இருப்பது. கொதிக்கிற தண்ணீரில் கேப்சூல் கூடு பிசுபிசுத்துத் தொண்டையில் ஒட்டும். ஒரு டம்ளர் முழுவதும் குடியுங்கள். ராத்திரி படுக்கும்போது ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் காலையில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதில்லை, தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் கையும் போகாது. என் கடையிலும் மேசை ஓரத்தில் ஒரு ஃப்ளாஸ்க்கும் இரண்டு சில்வர் டம்ளரும் வைத்திருக்கிறேன். பேருந்துக்கு நிற்கிற நேரத்தில் அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம்.